கப்பல் டிக்கட்டுக்கு எது நல்ல நேரம்?

கவுண்டருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், கப்பல் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்பதற்கு முன்னாலேயே, "எப்போ போட்டா சல்லிசாக் கிடைக்கும்?" என்று கேட்டுவிடுவார்கள். உடனே பதில் சொல்ல மாட்டேன். திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். பிள்ளைகள் எத்தனை பேர்? எந்த ஊரிலிருந்து வந்து ஏறப்போகிறீர்கள்? விலையைக் கேட்டால் குடும்ப விவரம் கேட்கிறாளே என்று சிலருக்கு எரிச்சல் வரும். ஆனால் இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் போதும், எப்போது பணம் கட்டலாம் என்பதை ஏறக்குறையச் சொல்லிவிட முடியும்.

சிங்கப்பூரில் கப்பல் டிக்கட் விற்பது என் பிழைப்பு. சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் பக்கம் மாடிக்கு மாடி பயண ஏஜென்சிகள் இருக்கும். அப்படி ஒன்றில் சென்னைக்கும் திருச்சிக்கும் விமான டிக்கட் போட்டுக்கொண்டிருந்தவளை, தமிழ் பேசுகிற வாடிக்கையாளர்கள் கப்பலுக்கு அதிகம் வருகிறார்கள் என்று அந்த மேசைக்கு மாற்றினார்கள். அப்போது அங்கே பெரும்பாலும் ஒரே பெயர்தான் அடிபடும்: சூப்பர்ஸ்டார் விர்கோ. ஸ்டார் குரூஸ் நிறுவனத்துக்காக ஜெர்மனியில் கட்டி 1999-ல் வந்த கப்பல். தமிழ்நாட்டிலிருந்து வரும் சுற்றுலாக் குழுக்களுக்குச் சிங்கப்பூர், மலேசியா, நடுவில் இரண்டு இரவு ஸ்டார் குரூஸ் என்பது வாய்ப்பாடு மாதிரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹார்பர்ஃபிரண்டில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிடலாம்.

கடைசி நேரத்தில் போனால் பாதி விலைக்குக் கப்பல் ஏறலாம் என்று இன்றைக்கும் பலர் நம்புவதற்கு அந்தக் காலம்தான் காரணம். அது பொய்யும் இல்லை. வாரக் கடைசிக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, மிச்சமிருக்கும் கேபின்களுக்கு ஒரு விலை வரும். பழகிய ஆட்களுக்கு ஃபோன் செய்வோம். பெட்டியோடு தயாராக இருப்பவர்கள் இருந்தார்கள். அந்த விலைக்குப் பின்னால் ஒரு விஷயம் இருந்தது. சிங்கப்பூரில் 2010 வரை சூதாட்டக்கூடம் கிடையாது. அந்த வருஷம்தான் செந்தோசாவிலும் மரினா பேயிலும் திறந்தார்கள். அதற்கு முன்னால் ஆட விரும்புகிறவனுக்குக் கப்பல்தான் பக்கத்து வீடு. கேபினைச் சும்மா கொடுத்தாலும் கப்பலுக்கு லாபம் வேறு வழியில் வந்துவிடும். நம் ஆட்கள் பலர் சூதாட்ட மேசைப் பக்கமே போகாமல், அந்த விலையில் மட்டும் பயணம் செய்துவிட்டு வந்தார்கள். அவர்கள் சொன்ன கதையைத்தான் இப்போது அவர்களுடைய மருமகன்கள் நம்பிக்கொண்டு வருகிறார்கள்.

இன்றைக்குக் கதை வேறு. பயணிகள் பட்டியல் குடிநுழைவுத் துறைக்கு முன்கூட்டியே போக வேண்டும்; அதனால் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே விற்பனையை மூடிவிடுவார்கள். விலையை வைப்பதும் ஃபோனில் பேசுகிற மனிதர் இல்லை. ஒவ்வொரு கேபின் வகைக்கும் பல படி விலைகள் இருக்கும். கேபின்கள் விற்க விற்க விலை அடுத்த படிக்கு ஏறும். திட்டமிட்ட வேகத்தில் விற்காவிட்டால் ஒரு படி இறங்கும். காலையில் நான் சொன்ன விலை மத்தியானம் மாறியிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் ஒருவரும் நம்புவதில்லை.

கப்பல் நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் நிரம்பிய அளவு நூற்றுக்கு நூறையும் தாண்டி இருக்கும். ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் நூறு என்று கணக்கிடுகிறார்கள். மூன்றாவது, நான்காவது ஆளாகப் பிள்ளைகள் ஏறும்போது நூறைத் தாண்டிவிடுகிறது. கேபினைக் காலியாக விட்டுக் கப்பலை எடுப்பது அவர்களுக்குப் பெரிய நஷ்டம். டிக்கட் பணம் மட்டும் போவதில்லை. ஏறாத ஆள் குடிக்க மாட்டார், இணைய வசதி வாங்க மாட்டார், கரையில் சுற்றுலாப் பேருந்து ஏற மாட்டார். பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கப்பலுக்குள் செலவாகும் பணம். ஆகவே எப்படியாவது நிரப்பத்தான் பார்ப்பார்கள். விலை இறங்கும் என்று காத்திருப்பவர்கள் இதுவரை சொல்வது சரி.

அவர்கள் மறந்துவிடுவது, எது மிஞ்சும் என்பதை. சிங்கப்பூர் தேக்காவில் ராத்திரி கடை கட்டும் நேரத்தில் மல்லிகை சல்லிசாகக் கிடைக்கும், ஆனால் காலையில் பார்த்து வைத்த சரம் அப்போது இருக்காது. கப்பலில் முதலில் தீர்ந்துபோவது இரண்டு ஓரங்கள்: ஜன்னலில்லாத மலிவான இன்சைட் கேபின், அப்புறம் மேல்தட்டு சூட். கடைசியில் நடுவில் உள்ள கேபின்கள்தான் மிஞ்சும். புதிய பெரிய கப்பல்களில் பால்கனி கேபின்களே அதிகம் என்பதால், சில பயணங்களில் கடைசி வாரங்களில் பால்கனிக்கும் இன்சைடுக்கும் நூறு சிங்கப்பூர் வெள்ளிகூட வித்தியாசம் இருக்காது. இரண்டு பேர் மட்டும் போவதென்றால் இது நல்ல சமயம். நாலு பேர் போவதென்றால் இதே சமயம் ஆபத்து.

நாலு பேர் விஷயத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டும். என் மேசையில் அதிகம் கோபப்பட்டவர்கள் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தார்தான். கணினித் திரையில் கேபின் காலியாக இருப்பது அவர்கள் கண்ணுக்கே தெரியும். நாலு பேர் என்று போட்டால் இல்லை என்று வரும். இரண்டு பேர் என்று போட்டால் இருக்கிறது என்று வரும். "என்னம்மா, ஏமாத்துறீங்களா?" என்பார்கள். ஏமாற்று எதுவும் இல்லை. முதலாவது, எல்லாக் கேபினிலும் நாலு படுக்கை கிடையாது; சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கும் படுக்கைகள் உள்ளவை கொஞ்சம்தான். இரண்டாவது, உயிர்காப்புப் படகு. கப்பலின் ஒவ்வொரு பகுதியில் இருப்பவர்களுக்கும் இந்தப் படகு என்று ஒதுக்கியிருக்கும். டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-ல் சோலாஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் வந்தது. ஏறுகிற தலைக்கெல்லாம் படகில் இடம் இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து வரும் கட்டாயம். ஒரு பகுதியில் மூன்றாவது நான்காவது ஆட்கள் நிறைய ஏறிவிட்டால், அங்கே மிச்சமிருக்கும் கேபின்களில் இரண்டு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். பள்ளி விடுமுறையில் கப்பல் முழுக்கப் பிள்ளைகள்தானே? படகுக் கணக்கு முதலில் நிரம்புவது அப்போதுதான்.

அதனால் நாலு பேர் குடும்பம் என்றால் காத்திருக்காதீர்கள் என்று தயங்காமல் சொல்லிவிடுவேன். விற்பனை திறக்கும்போதே போட்டுவிட வேண்டும். பெரிய நிறுவனங்கள் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் முன்னாலேயே திறந்துவிடுகின்றன. நேரம் தவறிவிட்டால் ஒரு மாற்று வழி உண்டு: தாழ்வாரத்தின் ஒரு பக்கம் பால்கனி கேபின், நேர் எதிரே ஒரு இன்சைட் கேபின். பதிவில் ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். குளியலறை இரண்டு கிடைக்கும். பதின்மவயதுப் பெண் இருக்கிற வீட்டில் அந்த இரண்டாவது குளியலறைக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். சில சமயம் நாலு பேர் கேபினைவிட இது விலையும் குறைவு. ஆனால் யாரும் கேட்பதில்லை.

மற்றவர்களுக்கு, அதாவது இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு, மூன்று தேதிகளை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். விற்பனை திறக்கும் நாள், முழுப்பணம் கட்ட வேண்டிய கடைசி நாள், கப்பல் கிளம்பும் நாள். எல்லாரும் முதலாவதையும் மூன்றாவதையும்தான் பார்க்கிறார்கள். விஷயம் நடுவில் உள்ள தேதியில் இருக்கிறது.

ராயல் கரீபியனில் 4 இரவு வரையிலான பயணத்துக்குக் கிளம்புவதற்கு 75 நாளுக்கு முன், 5 இரவும் அதற்கு மேலும் என்றால் 90 நாளுக்கு முன், முழுப்பணம் கட்டிவிட வேண்டும் என்பது பொதுவான விதி. நாட்டுக்கு நாடு, சலுகைக்குச் சலுகை மாறும். மற்ற நிறுவனங்களுக்கும் இப்படி ஒரு தேதி உண்டு. அந்தத் தேதிக்கு முன்னால் பதிவை ரத்து செய்தால் டெபாசிட் திரும்பும், அல்லது டெபாசிட்டோடு நஷ்டம் நிற்கும். தேதி தாண்டினால் நாள் நெருங்க நெருங்க அபராதம் கூடிக்கொண்டே போய்க் கடைசியில் மொத்தமும் போய்விடும். ஆகவே அரை மனதாக இருப்பவர்கள் எல்லாரும் அந்த வாரத்தில் கழன்றுகொள்வார்கள். அதே சமயத்தில் எங்களைப் போன்ற ஏஜென்சிகள் குழுவுக்கென்று மொத்தமாகப் பிடித்து வைத்திருக்கும் கேபின்களில் விற்காததையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கல்யாணக் குழு, கம்பெனிக் குழு, சங்கத்துக் குழு என்று ஐம்பது கேபின் பிடித்துவிட்டு முப்பதுக்குத்தான் ஆள் சேர்ந்திருக்கும். மீதி இருபது ஒரே நாளில் கப்பலின் கணக்குக்குப் போய் விழும். இதேபோல் பத்து ஏஜென்சி செய்தால் விலை ஒரு படி இறங்கத்தானே செய்யும்? கிளம்புவதற்கு மூன்று மாதம், இரண்டரை மாதம் இருக்கும்போது விலை கொஞ்சம் சரிவதற்கு இதுதான் காரணம். எல்லாக் கப்பலிலும் எல்லா மாதத்திலும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். சீசன் இல்லாத மாதங்களில் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

ஆகவே இரண்டு பேருக்கு நான் சொல்வது: டெபாசிட் திரும்பக் கிடைக்கும் வகை விலையில் முன்கூட்டியே போட்டு வையுங்கள். நடுத் தேதி வரும்வரை விலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். இறங்கினால், அதே பதிவைப் புது விலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். முழுப்பணம் கட்டும் தேதிக்கு முன்னால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். அப்புறம் கேட்டால் கையை விரிப்பார்கள், அல்லது கப்பலுக்குள் செலவழிக்க ஏதோ கொஞ்சம் வரவு வைப்பார்கள். ஒரு எச்சரிக்கை. டெபாசிட் திரும்பாத வகை ஒன்று உண்டு, அதன் விலை கொஞ்சம் குறைவாக இருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது அதைத்தான். இன்னொன்று, புது விலைக்கு மாறும்போது பதிவின் நிபந்தனைகளும் மாறிவிடும். பழைய பதிவோடு இலவசமாக வந்த பானத் திட்டமோ இணைய வசதியோ போய்விடலாம். ஐம்பது வெள்ளி குறைந்தது என்று மாற்றிவிட்டு, நூறு வெள்ளிச் சலுகையை இழந்தவர்கள் உண்டு.

நகைக்கடையில் வேலை செய்யும் ஓர் அண்ணன் எங்களிடம் வழக்கமாக வருவார். டெபாசிட் கட்டிய அன்றைக்கே ஃபோனில் நாள் குறித்துக்கொள்வார். வாரத்துக்கு ஒருமுறை, "தங்கச்சி, நம்ம ரேட்டு எங்க நிக்குது?" என்று கூப்பிடுவார். தங்க விலையைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். அவரைப் போல் கேட்கிற ஆள் அபூர்வம். ஏஜென்டுகள் தாங்களாகவே பார்த்துச் சொல்வார்களா? சிலர் சொல்வார்கள். எங்களுக்குக் கமிஷன் டிக்கட் விலையில்தான்; துறைமுகக் கட்டணத்திலும் வரியிலும் கிடையாது. உங்கள் விலை இறங்கினால் எங்கள் பங்கும் இறங்கும், அந்த மாற்றத்தைச் செய்ய அரை மணி நேர வேலையும் உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டே என்னுடையது உட்பட எந்த ஏஜென்டின் ஆலோசனையையும் கேளுங்கள். "இன்னைக்கே போட்டுடுங்க சார், நாளைக்கு ஏறிடும்" என்ற வாக்கியம் உண்மையாக இருக்கும் நாளும் உண்டு. ஆனால் அதை நாங்கள் எல்லா நாளும் சொல்வோம்.

இனி மாதங்கள். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை ஜூனில் நான்கு வாரம், நவம்பர் நடுவிலிருந்து வருஷக் கடைசிவரை ஆறு வாரம், மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். இந்த வாரங்களில் விலை உயரத்திலேயே திறக்கும். இறங்குவதற்காகக் காத்திருப்பது வீண். சீனப் புத்தாண்டும் அப்படித்தான். தீபாவளி முடிந்த வாரத்தில் குஜராத்திலிருந்து பெரிய பெரிய குழுக்கள் வரும். கப்பல் சமையலறையில் சமண உணவுக்கென்று தனி ஏற்பாடே செய்வார்கள். அந்த வாரத்தில் சும்மா விலை கேட்டுப் பார்த்தாலே தெரியும். விலை நிஜமாகவே அடங்கி இருப்பது, ஜனவரி இரண்டாவது வாரத்திலிருந்து சீனப் புத்தாண்டுக்கு முன்வரை, அப்புறம் செப்டம்பர் விடுமுறை முடிந்து தீபாவளிக்கு முன்வரை. வெள்ளிக்கிழமை கிளம்பும் மூன்று இரவைவிட, திங்கட்கிழமை கிளம்பும் நான்கு இரவு, இரவுக் கணக்கில் குறைவாக வருவது சகஜம். லீவு போட முடிந்தவர்களுக்கு அதுவே பாதித் தள்ளுபடி.

அந்த மாதங்களில் விலை குறைவதற்குக் காரணமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுவேன். செப்டம்பர், அக்டோபரில் தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் முடிந்திருக்காது. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, சின்னப் படகில்தான் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். அலை அதிகமென்றால் அந்த இறக்கமே ரத்தாகலாம். ஜனவரியில் தென்சீனக் கடல் பக்கம் போகும் வழியில் ஆட்டம் உண்டு. பினாங்கு பக்கம் என்றால் மலாக்கா நீரிணையில் போகும். மலாய் தீபகற்பம் மறைப்பதால் பெரும்பாலும் தண்ணீர் அமைதியாகவே இருக்கும். வயதான அம்மாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஜனவரியில் பினாங்கு வழியைத்தான் காட்டுவேன்.

ஏப்ரலில் ஒரு தனி வகை உண்டு. குளிர்கால சீசனுக்குச் சிங்கப்பூர் வந்த கப்பல், கோடையில் அலாஸ்காவுக்கோ வேறு கடலுக்கோ போகும். போகும் வழியில் காலியாகப் போவானேன் என்று இரண்டு வாரத்துக்கும் மேலான ஒருவழிப் பயணமாக விற்பார்கள். இரவுக் கணக்கில் அதைவிட மலிவாகக் கடலில் தூங்க முடியாது. ஆனால் போன இடத்திலிருந்து விமானத்தில் திரும்ப வேண்டும், அந்த டிக்கட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பல நாள் கரையே தெரியாது. ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியத் தம்பதியர் இதையே வழக்கமாக வைத்திருக்கிறார்கள். இருவரும் நாளெல்லாம் புத்தகம் படிப்பார்கள், அவர்களுக்குப் பொருந்தும்.

ஜனவரி முதல் மார்ச் வரை உலகம் முழுக்கக் கப்பல் நிறுவனங்கள் பெரிய அளவில் சலுகை அறிவிக்கும். நம் ஊரில் அதே சமயத்தை ஒட்டி, சிங்கப்பூர் எக்ஸ்போ போன்ற அரங்குகளில் நட்டாஸ் பயணக் கண்காட்சியும் நடக்கும். ஆகஸ்ட் வாக்கில் இன்னொன்று. அங்கே நான் நாள் முழுக்க நின்று தொண்டை கட்டியிருக்கிறேன். கூட்டத்தையும் மைக் சத்தத்தையும் பார்த்தால் இன்றோடு கப்பலே தீர்ந்துவிடும் போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முடியும் சலுகை திங்கட்கிழமை வேறு பெயரில் திறக்கும். கண்காட்சியில் விலையைவிடக் கூடுதலாகத் தரும் சாமான்களில்தான் லாபம்: வரவு, பானத் திட்டம், சில சமயம் பயணப்பெட்டி. பெட்டிக்காகப் பயணம் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சலுகைக் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். "இரண்டாமவருக்கு 60 சதவீதம் தள்ளுபடி" என்றால் காதுக்கு இனிமை. தலைக்கு 1,000 வெள்ளி என்றால் முதலாமவர் 1,000, இரண்டாமவர் 400, மொத்தம் 1,400. அதாவது கேபினுக்கு 30 சதவீதம். போன மாதம் எந்த ஆரவாரமும் இல்லாமல் தலைக்கு 700 என்று விற்றதும் இதே விலைதான். "பிள்ளைகளுக்கு இலவசம்" என்பதில் துறைமுகக் கட்டணமும் வரியும் அடங்காது. பள்ளி விடுமுறைத் தேதிகள் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். ஊழியர்களுக்கான சேவைப்பணம் தனி. ஒரு நாளைக்குத் தலைக்கு 18 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொண்டாலும், நாலு பேர் நாலு இரவுக்கு 288 டாலர். பெரும்பாலான நிறுவனங்களில் குழந்தைக்கும் இது உண்டு. ஆகவே என்னிடம் வருகிறவர்கள் "தலைக்கு எவ்வளவு?" என்று கேட்டால், நான் கேபினுக்கு மொத்தம் எவ்வளவு என்றுதான் எழுதிக் கொடுப்பேன். வேறு கடையில் கேட்கும்போதும் அப்படியே கேளுங்கள், பேச்சு சுருங்கிவிடும்.

கேரண்டி கேபின் என்று ஒன்று விற்பார்கள். வகை மட்டும் உறுதி; எண்ணைக் கப்பல்காரர்களே பிறகு போடுவார்கள். விலை குறைவு. நடன அரங்குக்கு மேலேயோ, நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்திலோ விழலாம். காது மந்தமானவர்களுக்கும் தலை சாய்த்ததும் தூங்குபவர்களுக்கும் தாராளமாகச் சொல்வேன். இரண்டு மூன்று கேபின் எடுக்கும் கூட்டுக் குடும்பத்துக்குச் சொல்லவே மாட்டேன். பாட்டி ஒரு தட்டிலும் பேரன் எட்டுத் தட்டு மேலேயும் போய்விட்டால், பயணம் முழுக்க மின்தூக்கியில்தான்.

தனியாகப் போகிறவர்கள்தான் பாவம். ஒரு ஆள் போனாலும் இரண்டு பேர் டிக்கட் விலையைக் கிட்டத்தட்டக் கொடுக்க வேண்டியிருக்கும். அவர்களுக்குக் கடைசி நேரம் கைகொடுக்கும். கேபின் மிஞ்சும் என்று தெரிந்த பிறகு சில பயணங்களில் அந்தக் கூடுதல் தொகையைக் குறைப்பார்கள். சிங்கப்பூரிலேயே குடியிருந்து, தேதியும் கேபினும் எதுவானாலும் சரி என்று சொல்கிற ஓய்வூதியர்களுக்கும் அப்படித்தான். உடம்பு லேசாக, பெட்டி லேசாக, பிடிவாதம் லேசாக இருந்தால் கிளம்புவதற்கு மூன்று நான்கு வாரம் இருக்கும்போது வரலாம்.

இந்தப் பட்டியலில் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருகிறவர்கள் இல்லை. அவர்கள் கடைசி நேரத்துக்குக் காத்திருந்தால், கப்பலில் மிச்சம் பிடித்ததைவிட விமானத்துக்கு அதிகம் கட்டுவார்கள். இறங்கிய நாளே ஏறுவது ஆபத்து என்பதால் முந்தின ராத்திரி ஓட்டல் வாடகை வேறு. அதோடு விசா. கப்பல் சிங்கப்பூரை விட்டு மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ போய்த் திரும்ப சிங்கப்பூருக்குள் வருகிறது. ஆகவே ஒருமுறை நுழையும் விசா போதாது. பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். துறைமுக கவுண்டரில் இதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டால் கட்டிய பணம் திரும்பாது. இவர்கள் விமான டிக்கட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விமான விலை சரியாக இருக்கும் வாரத்துக்கு எந்தக் கப்பல் இருக்கிறதோ அதில் ஏறிக்கொள்ளலாம்.

விமானம் இல்லாமல் ஏற வேண்டுமென்றால் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2022 முதல் கிளம்பத் தொடங்கியது. 2023 ஜூனிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போய் வந்தது. 1990-ல் கட்டிய பழைய ராயல் கரீபியன் கப்பல் அது. பால்கனி குறைவு. வருஷம் முழுக்கச் சென்னையில் நிற்காது, சில மாதங்கள்தான். சென்னைக்காரர்கள் நிதானமாகக் காத்திருந்து பார்க்கக்கூடிய கப்பல் இது.

முன்கூட்டியே போடுங்கள் என்று இவ்வளவு சொன்ன நான், அதிலுள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் ஒன்றரை வருஷம் முன்னாலேயே போட்டு வைப்பார்கள். பயணத்தின்போது கர்ப்பம் 24-வது வாரத்தில் நுழைந்துவிட்டால் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற மாட்டார்கள். குழந்தை பிறந்தால் அதற்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இதைக் கேட்கும்போது அந்தப் பெண் வெட்கப்படுவாள், மாமியார் என்னை முறைப்பார், ஆனாலும் கேட்டுவிடுவேன். வீட்டில் வயதானவர்கள் படுத்திருந்தால் பயணக் காப்பீட்டை டெபாசிட் கட்டும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். கிளம்பும் வாரத்தில் எடுத்தால் ரத்துக்கு அது உதவாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு விலக்கு உண்டா என்பதையும் அதில் படியுங்கள்.

நிறுவனமே மூழ்குவதும் உண்டு. ஸ்டார் குரூஸ், டிரீம் குரூஸ் இரண்டையும் நடத்திய ஜென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது. அதே வருஷம் ஜூனில் ஜென்டிங் டிரீம் கப்பல், ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் என்ற புதுப் பெயரில் சிங்கப்பூரிலிருந்து ஓடத் தொடங்கியது. கப்பல் திரும்பி வந்தாலும், பழைய நிறுவனத்திடம் கட்டிய பணம் அதே வேகத்தில் திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதிலிருந்து நான் டெபாசிட்டைக் கடன் அட்டையில் கட்டச் சொல்வேன். சேவை கிடைக்காவிட்டால் வங்கி வழியாகக் கேட்க ஒரு வாசல் இருக்கும். கேட்பதைவிட அதிகம் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று யாராவது சொன்னாலும் கட்ட வேண்டாம்.

டெபாசிட் கட்டும்போது மூன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கேபினுக்கு மொத்தத் தொகை, டெபாசிட் திரும்புமா திரும்பாதா, முழுப்பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி. அந்தக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது உங்கள் ஏஜென்டை நீங்களே கூப்பிட்டு இன்றைய விலையைக் கேளுங்கள். அவர் கூப்பிடுவார் என்று காத்திருக்காதீர்கள்.